நான்காம் வகுப்பின் பிரதமர்

“மிஸ், பிரதமருக்கு எந்த பட்டன் மிஸ்?” என்று ஒரு குழந்தை கேட்டது பலகைத் தடுப்பைத் தாண்டி என் காதில் விழுந்த காலை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தது நான்காம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஆள் உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் பலகை மட்டும்தான். நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து பள்ளி திறந்திருந்த சமயம் அது. அம்மாவோடு வாக்குச்சாவடிக்குப் போயிருந்த ஒரு சிறுமி, அங்கே ஒட்டியிருந்த பெயர்களில் பிரதமரின் பெயரே இல்லை என்று வந்து சொல்லியிருந்தாள். மற்ற பிள்ளைகள் நம்பாமல் கூச்சல் போட்டார்கள். சோஷியல் மிஸ் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். “அவ சொல்றது சரிதான். பிரதமருக்கு யாரும் நேரா ஓட்டுப் போடுறதில்ல” என்றார். அதற்கு எழுந்த கூச்சல் முன்னதைவிடப் பெரிது.

எங்கள் பள்ளி பாரிவாக்கத்தில், வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த ஒரு தெருவில் இருந்தது. சின்ன தனியார் பள்ளி. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. அதன் உரிமையாளர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். நிலத்தைப் பிரித்து விற்றதில் வசதி பெருகி, மண் அடிக்கும் லாரிகள் வைத்திருந்தார். ஆசிரியர்களில் இருந்து ஆயா வரை எல்லோருக்கும் அவர் ‘ஓனர்’தான். அவருடைய மகன் தருண் நான்காம் வகுப்பில் படித்தான். சோஷியல் மிஸ் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து பூந்தமல்லியில் பஸ் மாறி வருவார். கணவர் தொழிற்சாலை ஊழியர், சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கொஞ்சுகிற டீச்சர் இல்லை அவர். தவறாக எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று அந்தப் பிள்ளையையே சொல்ல வைப்பார். பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் உண்டு. ஆனால் அவர் விடுப்பு எடுத்த நாளில் வகுப்பு சப்பென்று கிடக்கும்.

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டுவது சுலபம் என்று அவர் முடிவு செய்தார். வகுப்பில் ஐந்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு தொகுதி என்றார். வரிசைக்குள்ளேயே பிள்ளைகள் நின்றார்கள், பேசினார்கள், துண்டுச் சீட்டில் பெயர் எழுதி டிபன் டப்பாவில் போட்டார்கள். வரிசைக்கு ஒருவராக ஐந்து உறுப்பினர்கள் கிடைத்தார்கள். அந்த ஐவரையும் கரும்பலகைக்கு முன் உட்காரவைத்து, “இனிமே இவங்கதான் அவை. இதுல மூணு பேர் யார் பக்கமோ அவங்கதான் பிரதமர்” என்றார். ஐவரில் தருண் பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டான். பானு என்ற பெண்ணும் போட்டியிட்டாள். பூந்தமல்லியில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகள். தருண் எல்லோருக்கும் கேக் தருவேன் என்றான். பானு, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுவேன் என்றாள். மூன்று பேர் பானுவின் பக்கம் நின்றார்கள், இரண்டு பேர் தருணின் பக்கம். அடுத்த நாளே பானு, பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்டின் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஆள் அனுப்பினார். அதுவரை எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஓனர் வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, எம் புள்ள எட்டு ஓட்டு வாங்கிக்கீறான். அவன் வரிசைல ஒருத்தன் பாக்கியில்லாம போட்டுக்கீறான். அந்தப் பொண்ணு வாங்கினது அஞ்சு. எட்டு பெர்சா, அஞ்சு பெர்சா? நீ இன்னா டீச்சரு?”

“எட்டுதாங்க பெருசு. அதான் அவன் உறுப்பினர் ஆனான். பிரதமர் ஆகணும்னா அவையில மூணு பேர் வேணும். அவனுக்கு ரெண்டு பேர்தான்.”

“அப்போ ஜனம் ஓட்டு போட்றது இன்னாத்துக்கு?”

“அந்த அஞ்சு பேரை அனுப்புறதுக்குங்க.”

கேலி செய்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். மிஸ் கேலி செய்யவில்லை. எந்தப் பிள்ளை கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். ஓனர் நேராக கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸையும் கூப்பிட்டனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது. நடந்ததை மதிய உணவின்போது என்னிடம் சொன்னார். கட்டட ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் அது. ஓனர் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்பதுதான் கரஸ்பாண்டென்டின் கவலை. “மறுபடி தேர்தல் வைங்க மிஸ். பிரதமர் யாருன்னு எல்லாப் பசங்களும் நேரா எழுதட்டும். சிக்கல் தீர்ந்துது” என்றிருக்கிறார். “அது வேற நாட்டு முறை சார்” என்று இவர் சொல்லியிருக்கிறார். “யாருக்கும்மா தெரியப்போவுது?” என்று அவர் கேட்க, “நாப்பது பேருக்குத் தெரியும் சார்” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பிரதமரை மாற்ற விதிக்குள் ஒரு வழி மட்டும் உண்டு என்றும் மிஸ்ஸே அங்கே சொல்லியிருந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஐந்து பேரில் மூன்று பேர் வேண்டாம் என்றால் பானு இறங்கியாக வேண்டும். ஓனர் உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு கை இந்தப் பக்கம் வந்தால் போதும் என்ற கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு கை யாருடையது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்காம் வரிசையின் உறுப்பினன் சந்தோஷ். அவன் அப்பா ஓனரின் லாரி ஓட்டுபவர். முதல் தடவை பானுவின் பக்கம் நின்ற மூவரில் அவன் ஒருவன். புதன்கிழமை மதியம் எல்லாப் பிள்ளைகளும் வெளியே ஓடிய பிறகும் அவன் போகவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“மிஸ், அந்த ஓட்ட யாருக்கும் தெரியாம போட முடியாதா?”

“அவையில முடியாதுடா. உன்னை அனுப்புனது உன் வரிசை. நீ எந்தப் பக்கம் கை தூக்குறேன்னு அவங்க பார்க்கணும்ல?”

“தருணோட அப்பாவும் பாப்பாரா மிஸ்?”

பையன் தானாகவே மெதுவாகச் சொன்னான்: “எங்கப்பா கையில லாரி சாவி குடுக்க மாட்டாங்களாம் மிஸ். நைட்டு அம்மா அழுதுகினே இருந்துச்சி.”

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் மிஸ் என்னிடம், நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நிறுத்திவிடுங்கள் என்றேன். எனக்கு என் வேலை பற்றிய பயமும் இருந்தது. அவர், “நிறுத்துனா, யாராவது மிரட்டுனா நின்னுடும்ங்கிறதுதான் அவங்க படிச்ச பாடமா ஆயிடும் மிஸ். நடத்துனா அந்தப் பையன் மாட்டிக்குவான். ரெண்டும் தப்புதான்” என்றார். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை என் பிள்ளைகளை ஆயாவோடு மைதானத்துக்கு அனுப்பிவிட்டு நான் நான்காம் வகுப்புக்குப் போனேன். கைகளை நான்தான் எண்ண வேண்டும், தான் எண்ணினால் பேச்சு வரும் என்று மிஸ் சொல்லியிருந்தார். கதவருகே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கரஸ்பாண்டென்ட், மற்றொன்றில் ஓனர். பானு இடுப்பு பெல்ட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். சந்தோஷின் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

மிஸ் எழுந்து கதவருகே போனார். “அவை தொடங்கப் போகுது. உறுப்பினர்களும் அவங்களை அனுப்புனவங்களும்தான் உள்ள இருக்கலாம். மத்தவங்க வெளிய இருக்கணும்.”

“யார சொல்ற?” என்றார் ஓனர்.

“உங்களைத்தாங்க. சாரையும்தான்.”

“இது என் பில்டிங்கு.”

“ஆமாங்க” என்றார் மிஸ். கதவில் கை வைத்தபடி நின்றார். கரஸ்பாண்டென்ட் பாதி எழுந்தும் எழாமலும் தவித்தார். ஓனர் அசையவில்லை. அப்போதுதான் முன்னால் உட்கார்ந்திருந்த தருண் தலையைத் தூக்காமலே, “வெளிய இருப்பா” என்றான். எல்லோருக்கும் கேட்டது. ஓனர் மகனைப் பார்த்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார், கரஸ்பாண்டென்டும் பின்னாலேயே போனார். கதவு மூடியது.

பானு பிரதமராக இருக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மிஸ். தருண் தூக்கினான், அவன் நண்பன் தூக்கினான். இரண்டு. நான் சத்தமாக எண்ணினேன். இருக்க வேண்டும் என்பவர்கள்? பானு தூக்கினாள், இரண்டாம் வரிசைப் பெண் தூக்கினாள். இரண்டு. சந்தோஷ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தான். கைகள் தாமாக எழுந்துவிடுமோ என்று பயந்தவன் போல. இப்படி ஒன்று செய்யலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. மிஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பின், “ஒரு உறுப்பினர் வாக்களிக்கலை. அதுக்கு அவருக்கு உரிமை இருக்கு. ரெண்டுக்கு ரெண்டு. தீர்மானம் நிறைவேறலை. பானு தொடர்றாங்க” என்றார்.

கதவைத் திறந்ததும் ஓனர் உள்ளே வந்தார்.

“இன்னா ஆச்சு?”

“தீர்மானம் தோத்துடுச்சுங்க.”

“யாரு கை தூக்கல?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மகனிடம் திரும்பினார். “டேய், நீ சொல்றா. பக்கத்துலதானே குந்திகினு இருந்த? யாரு?”

தருணுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் சந்தோஷ் இருந்தான். அவன் உதடு வெளுத்துப் போயிருந்தது.

“நான் பாக்கலப்பா” என்றான் தருண்.

ஓனர் மிஸ்ஸிடம், “கதவ மூடனது இதுக்குத்தானா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றார் மிஸ்.

சனியும் ஞாயிறும் எங்களுக்குத் தூக்கமில்லை. திங்கட்கிழமை காலை வராந்தாவில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மண் லாரி வந்தது. ஓட்டியது சந்தோஷின் அப்பாதான். ஓனருக்குத் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டடத்தையும் காலி செய்யச் சொல்லவில்லை. அன்று முதல் பீரியடில் மிஸ் பிள்ளைகளிடம், கதவை மூடியது தானாகச் செய்துகொண்ட விதி, உண்மையான நாடாளுமன்றத்தில் பார்வையாளர்கள் உட்கார இடம் உண்டு, தேர்வில் அதைத்தான் எழுத வேண்டும் என்று சொன்னார். “அப்புறம் ஏன் மிஸ் மூடுனீங்க?” என்று ஒரு குரல் கேட்டது. “பயந்துட்டேன்” என்றார் மிஸ்.

அடுத்த பருவத்தில் மறுபடி தேர்தல் வைத்தார். நான்காம் வரிசை சந்தோஷை அனுப்பவில்லை. எங்களுக்காக நீ கையே தூக்கலையே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அவன் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு அவன் மைதானத்தில் ஓடுவதைப் பார்த்தேன். மூன்றாம் பருவத்தில் தருண் பிரதமரானான். ஐவரில் நால்வர் அவன் பக்கம். பானுவும் அவர்களில் ஒருத்தி. இந்தத் தடவை ஓனர் வரவில்லை, வாழ்த்தவுமில்லை. தருண் வீட்டில் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆண்டு முடிவில் சோஷியல் மிஸ்ஸுக்கு அடுத்த ஆண்டு வேலைக்கு அழைப்பு வரவில்லை. பிள்ளைகள் சேர்க்கை குறைவு என்று கரஸ்பாண்டென்ட் காரணம் சொன்னார். மிஸ் ஆவடியிலேயே வேறொரு பள்ளியில் சேர்ந்துகொண்டார். சில ஆண்டுகளில் நானும் அங்கிருந்து விலகினேன்.

போன மாதம் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வெளியே, மெட்ரோ தூணுக்குக் கீழே ஒருவன், “மிஸ்” என்று கூப்பிட்டான். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. தருண். ப்ளஸ் ஒன் படிக்கிறானாம். மீசை அரும்பியிருந்தது. பழைய கதையெல்லாம் பேசினோம். அப்பாவிடம் இப்போதாவது சொன்னாயா, நீ பிரதமரானதை, என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல மிஸ். சொன்னா அவரு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்” என்றான்.

அன்று மாலை அதைச் சொல்லத்தான் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“சந்தோஷைப் பத்திக் கேட்டீங்களா?” என்றார்.

“கேட்டேன் மிஸ். பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கானாம். அவங்கப்பா இன்னும் ஓனர்கிட்டதான் வண்டி ஓட்டுறாராம்.”

“இன்னுமா?”

“இன்னும்தான்.”

“அப்பாடா” என்றார் மிஸ்.