தொட்டால் நீலமாகும் காளான்: மேடவாக்கம் வழியே இரண்டு பயணங்கள், வழி சொல்லாத ஒன்று

நன்மங்கலம் காட்டுக்கு எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே முதலில் போனது 1973 அக்டோபரில், ஒரு காளானைப் பார்க்க. அப்போது ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். சேலையூரில் வாடகை வீடு. நேரம், தூரம், செலவு எல்லாம் பழைய குறிப்பேட்டில் இருந்தபடியே தருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி கிரேஸ் டீச்சர் இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முந்தைய ஆண்டு மாணவிகளோடு நன்மங்கலம் பக்கம் போனபோது ஒரு காளானைக் கண்டெடுத்திருந்தார். குடைக்காளானைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மீன் செவுள் போல மடல்கள் இருக்கும். இன்னொரு குடும்பத்துக்கு மடல் கிடையாது. கடற்பஞ்சு மாதிரி துளைகள் இருக்கும். டீச்சரின் காளான் சதையிலும் தண்டிலும் துளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அடியில் இருந்ததோ செவுள். அதுவும் தொட்டால் நீலமாகும் மஞ்சள் செவுள். இப்படிப்பட்டவை மழைக்காடுகளில் வருபவை. நம்முடைய முட்புதர்க்காட்டில் அதற்கு என்ன வேலை?

அவர் அதை அரிக்கேன் விளக்கின் மேல் காயவைத்து, வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். காய்ந்ததும் நிறம் போய்விட்டது. பச்சையாக இருக்கும்போது எதையும் எழுதி வைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வந்த பதிலை எனக்குப் படித்துக் காட்டினார். மரியாதையான கடிதம்தான். மலைக்காட்டு மாதிரி ஏதோ உங்கள் உறையில் தவறி வந்திருக்கலாம், இல்லையென்றால் இரண்டாவது மாதிரியைப் புதிதாக எடுத்து முழு விவரத்தோடு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

"நான் உறையை மாத்திட்டேன்னு நாசூக்கா சொல்றார், சார்" என்றார் டீச்சர். கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

அடுத்த மழைக்கு இரண்டாவது மாதிரியைத் தேடி அவர் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டது நான்தான்.

சனிக்கிழமை காலை 6.15க்கு கிழக்குத் தாம்பரத்தில் பஸ். கேம்ப் ரோடு, செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் கூட்டுரோடு பத்து கிலோமீட்டர்; முப்பத்தைந்து நிமிடம்; டிக்கெட் 30 காசு. டீச்சரின் மடியில் பிரம்புக்கூடை, மெழுகுத்தாள், பள்ளி ஆய்வுக்கூடத்து அமோனியா சீசா. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நாத்தம் இது?"

"மருந்துப்பா. காளான் பாக்கப் போறோம்."

"காளானா? எங்க வூட்டுக் கூரைல கூடை கூடையா கீது. அத்தப் பாக்க டிக்கெட்டே வாணாம்."

அன்று மேடவாக்கம் என்றால் ஏரி, வயல், ஒரு சைக்கிள் கடை. அங்கிருந்து பரங்கிமலை ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்தோம்; நாற்பது நிமிடம் ஆயிற்று. காட்டோரம் ஒரு கல்குவாரி. அங்கே ஜல்லி உடைத்த கன்னியம்மாவுக்கு டீச்சரைத் தெரியும். முந்தைய ஆண்டு இடத்தைக் காட்டியவரே அவர்தான். நாற்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, முழங்கை வரை கல்தூள். காட்டுக்குள் நேராகக் கூட்டிப்போனார்.

காசாப் புதர்களின் நிழலில், நனைந்த சருகுக்கு அடியில், ஏழு மொட்டுகள். கொட்டைப்பாக்கு அளவு, செங்கல் நிறம். ஒன்றும் விரிந்திருக்கவில்லை. ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"மொட்டுல செவுளே இருக்காது. விரியணும், வித்துத்தூள் கொட்டணும். ஆறு நாள் ஆகும், சார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வர்றேன்." பிறகு என் குறிப்பேட்டைப் பார்த்தார். "நீங்க எழுதுறதுன்னா எழுதுங்க. இடத்தை மட்டும் போடாதீங்க."

எழுதினேன். செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. எங்கள் செய்தி ஆசிரியர் எந்தச் செய்தியிலும் முதலில் பென்சிலால் வட்டமிடுவது 'எங்கே' என்பது தெளிவில்லாத இடத்தைத்தான். அங்கே வட்டம் விழாமல் எழுதுவதில் எனக்குப் பெருமை உண்டு. டீச்சர் சொன்னது நினைவில் இருந்தது. காளானுக்காக அங்கே யார் போகப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். 'குவாரிக் கிணற்றிலிருந்து கிழக்கே நூற்றிருபது தப்படி' என்று எழுதினேன். எண்ணித்தான் எழுதினேன், அதில் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை அதே பஸ், அதே 30 காசு. டீச்சர் பத்திரிகையைப் பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியவர் கூட்டுரோடு வரும்வரை திரும்பவில்லை. குவாரியில் கன்னியம்மா சுத்தியலைக் கீழே வைக்காமலே பேசினார்.

"வாய்யா பேப்பர் சாரு. நல்லா போட்டுகீற. புதங்கெழமை பத்து பேரு, நேத்து முப்பது பேரு. மம்முட்டி எத்துகினு வந்தானுங்க. சக்கர வியாதிக்கு மருந்தாமே?"

"நான் அப்படி எழுதவே இல்லம்மா."

"நீ எய்தினியோ இல்லியோ, வந்தவன் அத்தான் சொன்னான். போய்ப் பாரு, உன் நூத்திருவது அடிய."

ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். காசா வேர்கள் வெள்ளையாக அறுந்து கிடந்தன. டீச்சர் முட்டி போட்டு மண்ணை ஒரு மணி நேரம் கையால் சலித்தார். மிதிபட்ட துண்டுகள் கிடைத்தன, கறுத்து அழுகி. எதிலும் செவுள் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுத்தபோது, "கூடையைக் கொஞ்சம் பிடிங்க, சார்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த இரண்டு மழைக்காலங்களிலும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அங்கே மறுபடி எதுவும் முளைக்கவில்லை. நிபுணரின் கடிதம் பைபிளிலேயே இருந்தது.

1976 நவம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த டீச்சர் என் வீட்டு வாசலில் நின்றார். கூடவே கன்னியம்மா. அவர் வேறொரு குவாரிக்கு வேலைக்குப் போயிருந்தார். அங்கே அதே காளானைப் பார்த்துவிட்டு டீச்சரைத் தேடி வந்திருக்கிறார்.

"நாளைக்குக் காலையில வர முடியுமா, சார்? இது தொட்டா பத்து நிமிஷத்துல நிறம் மாறிடும். ரெண்டு கையும் அதுலயே இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுத வேகமான கை வேணும்."

"இந்தாளா?" என்றார் கன்னியம்மா. "இவரு வந்தா நான் காட்ட மாட்டேன், டீச்சரம்மா."

"இவர் டீக்கடையில இருப்பார்."

இருந்தேன். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போனோம். எந்தத் திசை, எந்த நிறுத்தம் என்று எழுதப்போவதில்லை. 7.20க்கு அவர்கள் இருவரும் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நடந்தார்கள். நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு டீ, 50 காசு. டீக்கடைக்காரர் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டார். அவர்கள் திரும்பி வந்தபோது மணி 10. சரியாக இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்தப் பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த தூரம் அது ஒன்றுதான்.

கூடையில் மெழுகுத்தாளுக்குள் நான்கு. மூன்றைக் காட்டிலேயே விட்டுவிட்டதாக டீச்சர் சொன்னார். பெஞ்சில் தாளை விரித்து, நடுவே கார்பன் வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தொப்பி ஆறு சென்டிமீட்டர், நடுவில் லேசான பள்ளம். மேல்தோல் வெல்வெட் போல, செங்கல் கலந்த பழுப்பு. செவுள்கள் தங்க மஞ்சள், நெருக்கமில்லாதவை, தண்டின்மேல் இறங்குபவை, இடையிடையே குறுக்குக் கோடுகளால் இணைந்தவை. தண்டு நான்கரை, அடியில் மஞ்சள் இழைகள். சதை வெளிர் மஞ்சள். சுவை பார்க்கவில்லை. தொப்பியில் ஒரு சொட்டு அமோனியா விட்டார். அந்த இடம் நீலப்பச்சையாக மாறியது.

"செவுள நீங்க தொடுங்க, சார். நான் மணி பாக்கறேன்."

ஆள்காட்டி விரலை வைத்து எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் விரல் அளவுக்கு நீலம் எழுந்து வந்தது. பதினோராவது நிமிடத்தில் பழுப்பானது. கன்னியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "கன்னிப்போன மாதிரி கீது" என்றார். அதையும் எழுதச் சொன்னார் டீச்சர்.

அன்று ஒரு தொப்பியை வெள்ளைத்தாள்மேல் கவிழ்த்து, பாத்திரத்தால் மூடி வைத்தார். மறுநாள் காலை தாளில் மஞ்சள் கலந்த பழுப்பில், சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி வித்துத்தூள் படிந்திருந்தது. எல்லாம் தபாலில் போயிற்று. ஏழு மாதம் கழித்து வந்த பதிலில், இது மலைக்காட்டு மாதிரி அல்ல, இதுவரை விவரிக்கப்பட்ட எதனோடும் பொருந்தவில்லை, முதல் கடிதத்துக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தது. டீச்சர் இரண்டு கடிதங்களையும் ஒன்றாக ஊசி குத்தி வைத்தார். நான் அதைச் செய்தியாக எழுதவில்லை.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. மேடவாக்கம் கூட்டுரோட்டுக்கு அந்த முப்பத்தைந்து நிமிடம் போதாது. போக்குவரத்துக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள். பெரிய மழைக்கு ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது. பிளாஸ்டிக் பையில் காளான் ஒரு மணி நேரத்தில் வியர்த்து அழுகிவிடும். எதையும் தோண்டாதீர்கள், தின்னாதீர்கள். மெழுகுத்தாள், அளவுகோல், பென்சில் போதும். நிறத்தைக் கண்ட இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் அது வேறு நிறம்.

1976ஆம் ஆண்டுத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. கார்பன் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்கலாம். அளவுகள் இருக்கின்றன, நிமிடங்கள் இருக்கின்றன, கன்னியம்மா சொன்னதும் இருக்கிறது. அன்று பெஞ்சில் கடைசி வரிக்கு வந்து 'இடம்' என்று எழுதி, புள்ளி வைத்து, நான் நிமிர்ந்தேன். டீச்சர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். தாள்களுக்கு நடுவே இருந்த கார்பனை மெல்ல உருவி எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மேல்தாளில் எழுதினார். நான் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.