புகைக்கூடத்துக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள்

மலேசியாவில், பத்து காஜாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து ஆட்களை இருபது வருஷம் எழுப்பிவிட்டவள் அங்காயி. பால்மரம் வெட்டும் எங்களில் யாரும் கடிகாரம் பார்த்து எழுந்ததில்லை. மார்கழியில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்கு மேலே இறங்கும்போது கதவைத் தட்டுவாள். ஒரு நாளும் பிசகியதில்லை.

1982 பிறந்தபோது நாட்டின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

"முள்ளத்தான் நகத்துவானுங்க லா. நட்சத்திரத்த நகத்த முடியுமா?" என்று அங்காயி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

மறுநாளும் வழக்கம்போல் எழுப்பினாள். நாங்கள் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் புதுக் கடிகாரப்படி பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார். பதினொரு பேரையும் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினார். வழி நெடுக அவளைத் திட்டினோம். வாய்க்கு வந்தபடி நானும்தான்.

அதற்குப் பிறகு அவள் யார் கதவையும் தட்டவில்லை. எங்களோடு நடக்கக் கூசி, எல்லாருக்கும் முன்பே இருட்டில் தனியாகக் கிளம்பினாள். கும்பலாகப் பேசிக்கொண்டு போனால் பாம்பு விலகிவிடும். ஒற்றை ஆளுக்கு விலகுமா?

மூன்றாம் நாள் பெரட்டில் மண்டோர் அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை.

"இன்னைக்கும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா போல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

விடிந்த பிறகு குறுக்குப் பாதையில் அவளைக் கண்டெடுத்தோம். உடம்பு விறைத்திருந்தது. நெற்றி விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.