கழுவாத ஈரல்

கொல்லங்கோட்டில் கறிக்கடை வைத்திருந்த சிக்கந்தரின் மகள் சபியா ஆராய்ச்சி செய்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். எதை ஆராய்கிறாள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சலிக்காமல் சொன்னாள். உடம்பின் அணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி அடுப்புகள் இருக்கின்றன. சில குழந்தைகள் நன்றாகச் சாப்பிட்டும் நாலு படி ஏறினால் துவண்டு விழுவது ஏன் என்று அந்த அடுப்புகளைக் கேட்டால் தெரியும். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, கல்யாணம் எப்போது என்பார்கள்.

1974-இல் அந்த அடுப்புகள் அவளைப் படாத பாடு படுத்தின. அத்தா கொடுக்கும் ஆட்டு ஈரலை ஐஸில் வைத்துக்கொண்டு பாலக்காட்டு பஸ் ஏறுவாள். ஆய்வுக்கூடத்தில் அரைத்து, சுழற்றி, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்துக் கருவியில் விடுவாள். அவை மூச்சு விட்டால் கருவியின் பேனா காகிதத்தில் இழுக்கும் கோடு கீழே சரிய வேண்டும். நான்கு மாதமாக ஒரு கோடும் சரியவில்லை. உப்பை மாற்றினாள், சர்க்கரைக் கரைசலை மாற்றினாள், கருவியைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள்.

வழிகாட்டி கபிரியேல் சார் நல்ல மனிதர்தான். ஆனால் மாதக் கடைசிக்குள் உயிருள்ள மைட்டோகாண்ட்ரியா கைக்கு வராவிட்டால் தலைப்பை நிலக்கடலைப் புரதம் என்று மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். நிலக்கடலையோடு சபியாவுக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதாள்.

கறிக்கடைக்குள் வீட்டுப் பெண்கள் வந்து நிற்கும் வழக்கமில்லை. பொட்டலம் பின்வாசல் வழியாகத்தான் வரும். மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு காலை, பஸ் போய்விடுமே என்று பொறுக்கமாட்டாமல் அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். கறி வாங்க நின்ற ஆண்கள் சட்டென்று கூரையைப் பார்த்தார்கள். சபியா அத்தாவைப் பார்த்தாள். அவர் ஈரலை ஆவி பறக்கும் மஞ்சள் தண்ணீரில் முக்கி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் புரட்டிப் புரட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, எல்லாருக்கும் இப்படித்தான் கழுவிக் குடுக்கறீங்களா?"

"எல்லாருக்கும் எதுக்குக் கண்ணு? இது பெரிய படிப்புக்குப் போற சாமான். அழுக்கா அனுப்புனா எனக்குத்தான கொறச்சலு."

நான்கு மாதமாக அவளுடைய அடுப்புகளை அத்தா பாசத்தோடு வேகவைத்திருக்கிறார். சபியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த ஆட்டின் ஈரலைச் சூடு ஆறுமுன் அப்படியே, தான் ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த சர்க்கரைக் கரைசலில் போடச் சொன்னாள். கழுவாத ஈரலை மகள் கையில் கொடுக்க சிக்கந்தருக்கு மனசே வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டார்.

அன்று மதியம் பேனா இழுத்த கோடு சரிந்தது. கபிரியேல் சார் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு நிலக்கடலை ஃபைலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

இரண்டு வருடம் கழித்து ஆய்வேடு அச்சாகப் போகும் முன், சபியா அத்தாவுக்கு அதிலிருந்து ஒரு வரியைத் தமிழில் படித்துக் காட்டினாள்: ஈரல் கழுவப்படாமல் எடுக்கப்பட்டது. சிக்கந்தர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல நம்ம கடைப் பேரு வருதா கண்ணு?"

முதல் பக்கத்திலேயே, நன்றி சொல்லும் இடத்தில் வருகிறது என்றாள்.

"அப்பக் கழுவுனதுன்னே போட்டுரு."