இரக்கம் தீவுக்கு யார் கூட்டி வந்தது?

போன பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இரக்கம் தீவுக்கு ஒரு நாள் போய் வந்தோம். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. என் சகலை பிரபு, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், அதற்கு முந்தின வருடம் குடும்பத்தோடு அந்தமான் போய் வந்தார். அந்த வீடியோவை என் பத்து வயது மகள் கீர்த்தனா எத்தனை முறை பார்த்தாள் என்று எண்ணுவதை நான் இருபதோடு நிறுத்திவிட்டேன். "சித்தப்பா தீவுக்கெல்லாம் போறாரு நைனா" என்றாள் ஒருநாள். நான் திருப்பதியில் அலிபிரி பக்கம் கேட், கிரில் செய்யும் வெல்டிங் கடைக்காரன். பத்தாவது பாஸ், இரண்டாவது முயற்சியில். ஆனால் தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் என்பதற்குப் பத்தாவது தேவையில்லை. அப்படி ஒன்று நம் திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு மாதம் ரகசியமாகத் திட்டம் போட்டேன். தீவுக்காரரான படகுக்காரர் முனுசாமியின் நம்பரைப் பிடித்து, அங்கே சொல்லப்படும் கதைகளைக் கேட்டு பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அதில் ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல்முறை அந்த மண்ணை மிதிக்கும் பிள்ளைகள், அம்மன் மரத்தடியில் தங்களைக் கூட்டி வந்தவர் பெயரைச் சொல்ல வேண்டுமாம். கீர்த்தனா வாயால் என் பெயர். அதுதான் என் அந்தமான்.

என் மனைவி தங்கையிடம் போனில் ஒரு வார்த்தை விட்டாள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் சகலையின் வெள்ளைக் கார் நின்றது. உள்ளே அவர் மகள் பூஜா, ஒன்பது வயது.

"பஸ்ஸுல எதுக்கு அண்ணா புள்ளைய இட்டுக்கினு கஷ்டப்படுறீங்க? தெனமும் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போற ரூட்டு, எனக்கு அத்துப்படி" என்றார். நான் இடுப்பு வலி பெல்ட்டைச் சட்டைக்கு மேல் இறுக்கிக்கொண்டு செருப்பு மாட்டுவதற்குள் கீர்த்தனா முன் சீட்டில் இருந்தாள்.

திருப்பதியில் இருந்து காளஹஸ்தி வழியாகத் தடா சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பஸ்ஸில் போனால் காளஹஸ்தியில் மாற வேண்டும், ஒரு மணி நேரம் கூடும். (அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கதை வைத்திருந்தேன்.) வழியில் இட்லிக்கு நான் பர்ஸை எடுப்பதற்குள் சகலை போனைக் காட்டி வேலையை முடித்துவிட்டார்.

தடாவில் இருந்து பீமுனிவாரிபாலெம் படகுத்துறை பத்து நிமிடம். படகு 8:40க்கு. ஆளுக்கு முப்பது ரூபாய், முக்கால் மணி நேரம். தூரத்தில் பூநாரைகள், வெள்ளை வேட்டியில் ரோஜா கலர் சாயம் ஒட்டின மாதிரி. அங்கே என் நேரம் வந்தது என்று ஆரம்பித்தேன். ஏழு அக்கா தங்கைகள் ஏரியைக் கடக்க வந்தார்கள். ஆறு பேர் ஓடத்தில் ஏறிவிட, கடைசிப் பெண்ணுக்கு இடமில்லை. வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தே…

"அந்தமான்ல படகுக்கு அடியில கண்ணாடி அண்ணா. மீனெல்லாம் அப்டியே தெரியும்" என்றார் சகலை. கீர்த்தனா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இரு டாடி, பெரியப்பா சொல்லட்டும்" என்றாள் பூஜா. யார் கேட்க வேண்டுமோ அவள் கேட்கவில்லை. இருந்தாலும் முடித்தேன்: அந்தப் பெண்தான் தீவின் அம்மன்.

தீவில் மணல் பாதை, தென்னை, சவுக்கு. உப்பு ஏரிக்கு நடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அம்மன் கால் கழுவிய இடமாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் வீட்டுச் சாப்பாடு 150 ரூபாய்க்குக் கிடைக்கும். இறால் தொக்கை நான் மூன்று முறை போட்டுத் துன்னேன்.

இரண்டரைக்கு மரத்தடி. பெரியவர்கள் எலுமிச்சம்பழம் வைத்தால் போதும். பிள்ளைகளை முனுசாமி மரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"யாரு பேர சொல்றீங்களோ, அவங்கதான் உங்கள தோள்ல தூக்கிக்கினு போயி படகுல ஏத்தணும். பாத்து சொல்லுங்க. உன்ன யாரு கூட்டியாந்தது கண்ணு?"

கீர்த்தனா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "பிரபு சித்தப்பா" என்றாள்.

சகலை சிரித்தார். நான் மரத்தில் எத்தனை மஞ்சள் கயிறு என்று எண்ணினேன்.

"நீ?"

"சேகர் பெரியப்பா" என்றாள் பூஜா.

சகலையின் சிரிப்பு நின்றது. "ஏய், காரை ஓட்னது யாரு?"

"கதை சொன்னது யாரு?"

படகு கரையில் இருந்து ஐம்பது அடி தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்றது. சகலை கீர்த்தனாவைத் தண்ணீர் பாட்டிலைப் போலத் தூக்கிக்கொண்டு போனார். பூஜா முப்பத்தெட்டு கிலோ. தினமும் இரும்பு தூக்குபவன், கை வைத்தால் எடை தெரியும். பாதி வழியில் இடுப்பில் கரண்ட் அடித்தது.

"ஆத்தாவ தூக்கனவரு கூட இப்டி மொனகல சேகரு" என்றார் முனுசாமி.

படகில் கீர்த்தனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீட்டில் அம்மா கொடுத்தனுப்பிய பையில் இருந்து தைலத்தை எடுத்துத் தேய்த்தாள். "நீ தூக்குனா இடுப்பு புடிச்சிக்கும்னுதான் நைனா சித்தப்பா பேர சொன்னேன். இந்த பூஜா கெடுத்துட்டா."

எதிரில் சகலை சேறு படிந்த பேன்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "உங்களுக்கு வலிக்கும்னு யோசிக்க ஆள் இருக்குது அண்ணா" என்றார் தலை நிமிராமல். பூஜா பூநாரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தமான் போனவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். வலியே தெரியவில்லை என்று எழுத ஆசை. நன்றாகவே தெரிந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இடுப்பு போனாலும் என் பெயரையே கீர்த்தனா சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மூலையில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: குளிர்காலம் நல்லது, பறவைகள் இருக்கும். சில்லறை எடுத்துப் போங்கள். நாங்கள் திரும்பிய படகு மூன்றரைக்கு. கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். இடுப்பு வலி உள்ள அப்பாக்கள் பெல்ட்டைச் சட்டைக்கு உள்ளே கட்டிக்கொள்ளுங்கள். வெளியே தெரிந்தால் மகள் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டாள்.