ரப்த் வீட்டுக்கு ஓர் அழைப்பு

எங்கள் கைரவான் நகரில் மதிலுக்கு உள்ளே ஒவ்வொரு சந்துக்கும் பெயர் உண்டு. மதில் வாசலைத் தாண்டினால் எல்லாமே ரப்த்தான். பள்ளியில் அரபு ஆசிரியர் அதற்கு ‘நகரைச் சூழ்ந்த வீடுகள்’ என்று பொருள் எழுதிப்போட்டார். பிரெஞ்சு ஆசிரியை ‘ஃபோபூர்’, அதாவது புறநகர், என்றார். மதிலுக்குள் இருந்த எங்கள் வீட்டில் அங்குள்ளவர்களின் முகவரிக்கும் அந்தச் சொல்தான், முகம் சுளிக்கவும் அதே சொல்தான்.

மன்னூபியா ரப்த்தில் தனியாக இருந்தாள். கணவன் இறந்தபின் முப்பது வருடமாக, மதிலுக்குள் நடக்கும் கல்யாணங்களுக்கு வீடு வீடாகப் போய் அழைப்பதுதான் அவள் பிழைப்பு. கதவைத் தட்டிக் கூப்பிடாத வீட்டிலிருந்து எங்கள் ஊரில் யாரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள்.

அக்கா கல்யாணத்துக்கு அம்மா சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். உறவில்லை என்றாலும் மன்னூபியாவை நான் சித்தி என்பேன். அவளுக்கு எழுத்து தெரியாது. படித்துக் காட்டினால் மனத்தில் ஏற்றிக்கொள்வாள். அறுபத்திரண்டு வீடுகள்.

“கடைசி பத்து வீட்ட இன்னொரு தடவ படி, கண்ணு.”

படித்தேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சித்தி.”

“உங்கம்மாவுக்குச் சொந்தம் ஜாஸ்தி, என் செருப்புக்குத்தான் ஆயுசு கம்மி” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் எந்தப் பெயரைத் தேடினாள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் கேட்டேன்.

“அவளையா? கூப்பிடறவளையே யாருடி போய்க் கூப்பிடுவா? அதுவும் ரப்த்துக்குப் போய்! வேணும்னா சமையக்கட்டுல சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

மறுநாள் மாலை மதில் வாசலைத் தாண்டி ரப்த்துக்குப் போனேன். அவள் வீட்டுக் கதவில் தட்டுவதற்கு வளையம்கூட இல்லை. கையால் தட்டினேன்.

“யாரது? தண்ணிக்காரனா? நாளைக்கு வா.”

“நான்தான் சித்தி. வியாழக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். நீங்க வரணும்.”

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது. பிறகு, “உங்கம்மா அனுப்பினாளா?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம்.

“இல்ல. நானா வந்தேன்.”

“இப்படியா கூப்பிடுவாங்க? படிச்சவளாம்! மொதல்ல வீட்டுக்காரி பேரச் சொல்லணும்.”

“மன்னூபியா அம்மா, உங்க வீட்டுல எல்லாம் நல்லா இருக்கணும். வியாழக்கிழமை எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்க.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். கதவு திறக்கவில்லை. உள்ளே துணிப்பெட்டியின் மூடி கிறீச்சிட்டுத் திறந்தது.