பர்வதமலைப் பனியில் மேனேஜரைத் தொலைத்தோம்

ஆபீஸ் மொத்தமும் இன்று பர்வதமலை ஏறினோம். ஐப்பசிப் பனிமூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு. நான் "அண்ணாமலையாருக்கு" என்று கத்துவேன். பின்னாலிருந்து "அரோகரா" வந்தால் யாரும் தொலையவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் மலையே அதிர்ந்தது. நிம்மதியாக ஏறினோம்.

உச்சியில் பனி விலகியதும் பார்த்தால், பாதி அரோகரா முன்பின் தெரியாத போளூர்க்காரர்களுடையது! அவர்கள் நடுவில் உட்கார்ந்து எங்கள் மேனேஜர் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இங்க என்ன பண்றீங்க?"

"உங்க கூடத்தான் வர்றேன்னு நெனச்சேன்மா. நான் இல்லன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பதான் சார்."

"இவங்க 'சாப்டீங்களா'னு ரெண்டு தடவை கேட்டாங்கம்மா" என்றார்.

நாளைக்கு அவரிடம்தான் தீபாவளி லீவு கேட்க வேண்டும். பின்னால் நின்று அரோகரா சொல்ல யார் வருகிறீர்கள்?