பாத்து அக்கா அருவிக்குப் போன விதம்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டது என்று ஆபீஸ் தோழி செல்வி படம் அனுப்பியிருந்தாள். வரும் ஞாயிறு போகலாமா, வேனா காரா, புளிச்சோறு யார் பொறுப்பு என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் பாத்து அக்காவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. திட்டத்தான் போகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். பேசியது அவரை லாத்தா என்று அழைக்கும் தம்பி மனைவி. "லாத்தா விடியக்காலம் மௌத்தாயிட்டாக. மத்தியானத் தொழுகை முடிஞ்சு அடக்கம். எல்லாரும் அவுகளுக்காகத் துஆ செய்ங்க."

தென்காசி தாலுகா ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது. மைதீன் பாத்து என்பது முழுப்பெயர். இளம்பிள்ளைவாதத்தில் சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. காலில் இரும்புப் பட்டையும் அக்குளில் கட்டையுமாக அவர் வரும் சத்தம் கேட்டாலே நாங்கள் கதையை நிறுத்திவிட்டுக் கோப்பைப் பிரிப்போம். பொல்லாத வாய். மனசு மட்டும் சீரகச் சம்பா என்று எழுத ஆசைதான், ஆனால் அதுவும் பல நாள் பொல்லாததாகவே இருந்தது.

எங்களை ஊர் சுற்ற வைத்தவர் அவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் குற்றாலம் போகிறவர்கள். "மெட்ராஸ்காரன் வந்து பாத்துட்டுப் போறத நாம பாக்காண்டாமாட்டி? பக்கத்துல இருந்தா பாத்த மாதிரியா?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று அன்றைக்கே முடிவாயிற்று.

திருமலாபுரம் குடைவரைக்குப் போனபோது அவரால் மேலே ஏற முடியவில்லை. வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு ஒரு சட்டம் போட்டார். பார்த்துவிட்டு வருகிறவள் ஒவ்வொருத்தியும் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஒருத்தி சொன்னதை அடுத்தவள் சொல்லக் கூடாது. முதலில் இறங்கியவள் நந்தி என்றாள். இரண்டாவது வந்தவளும் நந்தி. "ஆளுக்கொரு நந்தியக் கொண்டாந்தா நான் எங்கனட்டி கட்டிப்போடுவேன்? மறுபடி ஏறு" என்று திருப்பி அனுப்பினார். அப்படி மறுபடி ஏறித்தான் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சாயத்தைப் பார்த்தோம். ஒரு பச்சை, ஒரு காவி. அவருக்குச் சொல்வதற்காகப் பார்த்துப் பார்த்தே எங்களுக்குப் பார்க்கத் தெரிந்தது.

தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போனால் கோபுர வாசலிலேயே அவருக்கு நாற்காலி போட்டுவிடுவோம். கோபுரத்துக்குள் புகுந்து எதிரே வருகிறவர் சேலையைப் பிடுங்குகிற அந்தக் காற்று அவருக்கு அவ்வளவு பிடிக்கும். "நீங்க உள்ள போய்ச் சாமியப் பாருங்க. எனக்கு இது போதும்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் அருவி விஷயத்தில் அவர் "போதும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. தென்காசியில் பிறந்தவர், குற்றாலத்தில் ஒருமுறையும் குளித்ததில்லை. நாங்கள் குளிக்கப் போகும்போது எங்கள் செருப்பு, செயின், போன் எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஈரத் தலையோடு திரும்பி வரும் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். "பொணத்தையும் பச்சப்புள்ளையையும்தான் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டுவாக. நான் ரெண்டும் இல்ல. குளிச்சா நானாப் போய்க் குளிக்கணும்" என்றார்.

ஒரு பங்குனி வெயிலில் திடீரென்று ஐந்தருவிக்கு வண்டி எடுக்கச் சொன்னார். சீசன் இல்லாத அருவிக்கு எங்கள் ஊரில் யாரும் போக மாட்டார்கள். கடைகள் மூடிக் கிடந்தன, குரங்குகள் மட்டும் எங்களை ஏற இறங்கப் பார்த்தன. பாறையில் தண்ணீர் நூலாக வழிந்தது. அக்கா இரும்புப் பட்டையைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர ஆரம்பித்தார். செல்வி பதறிக் கிட்டே போக, "தொட்டே, கடிச்சிருவேன்" என்று கத்தினார். போய்ச் சேர்ந்து, அந்த நூலின் கீழே தலையை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா இந்த ஓட்டம் ஓடுதீங்க?" சிரித்தோம். ஆனால் அவர் விளையாட வரவில்லை. எங்கே வழுக்குகிறது, எந்தக் கம்பி எட்டுகிறது என்று வழி பழகத்தான் வந்திருந்தார்.

அந்த ஆண்டு சாரல் விழுந்து சீசன் தொடங்கியதும், கூட்டம் குறைந்த ஒரு வார நாளில் லீவு போட்டு அதே ஐந்தருவிக்குப் போனோம். பைகளுக்குக் காவல் செல்வி. பெண்கள் பக்கம் உட்கார்ந்தபடியே அக்கா நகர்ந்தபோது பெண் போலீஸ் விசில் ஊதினார். "யாரும்மா அது, கீழ உக்காந்து வாரது? மிதிச்சிருவாங்க!"

"மிதிச்சா மிதிக்கட்டும் தாயி. நான் வரிசையிலதான் வாரேன்" என்றார் அக்கா.

அந்தப் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். நான் பின்னாலேயே போனேன், தொடவில்லை. அவர் கம்பியின் அடியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்தார். பிறகு தண்ணீருக்குள் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரே இரைச்சல், வெள்ளை.

வெளியே வந்து நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் முக்காட்டைப் பிழிந்தபடி, அழும் முகத்தைக் கவனிக்காமல், ஏதோ துப்புக் கிடைத்தவர் மாதிரி பேசினார். "உள்ள பாத்தியாட்டி? ஒருத்தியாவது நேரா நிக்காளா? எல்லாவளும் என்னப் போலத்தான் ஆடுதாளுவ. ஒரு தடிச்சி வழுக்கி எம்மேலயே விழுந்தா. கம்பிய ஒரு கையில விட்டுட்டு அவளப் பிடிச்சுக்கிட்டேன்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய தைரியத்தை அல்ல. அது எனக்கு வராது. ஆயுள் முழுக்க, விழுந்துவிடுவார் என்று பயந்து யார் யாரோ பிடிக்க வந்த அந்த மனுஷி, வீடு வந்து சேரும்வரை ஈரத்தோடு வண்டியில் சொல்லிக்கொண்டே வந்த ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

"நான்லாட்டி பிடிச்சேன். விழ இருந்தவள நான்லா பிடிச்சேன்."